கணக்கில் சேராத பயணி

இலங்கையின் புசல்லாவைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் வடிவம்மாவின் மகள் இராஜகுமாரி, பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு ஒரு விமானக் கம்பனியில் சேர்ந்தாள். ஒரு பயணி ஒரு கிலோமீற்றர் பறந்தால் கம்பனிக்குச் சராசரியாக எவ்வளவு கிடைக்கிறது என்று கணக்கிடுவது அவள் வேலை.

ஊழியர்களுக்கான இலவச டிக்கெட் கிடைத்ததும் அம்மாவை மதுரைக்குக் கூட்டிப் போனாள். விமானம் ஏறியதும் வடிவம்மா கேட்டாள்.

"என்னால ஒங்க கம்பனிக்கு எவ்வளவு வருமானம்?"

"ஒண்ணுமில்லம்மா. காசு குடுத்தவங்களத்தான் அந்தக் கணக்குல பயணின்னு சேர்ப்போம்."

சற்று நேரத்தில் பணிப்பெண் சாப்பாடு கொண்டுவந்து வைத்தாள். வடிவம்மா முகம் மலர்ந்தது.

"தோட்டத்துல கொழுந்து கொறஞ்சா கணக்குல அரைப்பேரு போட்டு, பாதிச் சம்பளம்தான் குடுப்பாங்க. இங்க பேரே போடாம சோறு போடுறாங்களே!"

இராஜகுமாரி சிரித்தபடி தன் இனிப்பையும் அம்மாவின் தட்டில் வைத்தாள்.