சேலையைப் பார்த்துச் சுருங்கும் முகம்

பொறாமையில் ஆவூர் அருள்ராணிக்கு ஈடு புதுக்கோட்டை ஜில்லாவிலேயே கிடையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு ஓரகத்தி நான்சி புதுச்சேலை கட்டிக்கொண்டு வந்ததைக் கண்டு அவள் விட்ட பெருமூச்சில் பீடத்து மெழுகுவர்த்தி அத்தனையும் அணைந்துபோயின. சரி, அத்தனையும் என்பது கொஞ்சம் அதிகம்தான். அணைந்தது ஒன்று. அதற்கும் மேலே சுற்றிய ஃபேன்தான் காரணம் என்பார் கோயில்பிள்ளை சவரியப்பன். பெருமூச்சு விட்டது மட்டும் சத்தியம்.

அருள்ராணி மூத்தவன் ஆண்ட்ரூஸின் மனைவி. நான்சி இளையவன் டேவிட்டின் மனைவி. ஒரே வீட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரித்துக்கொண்டவர்கள். சுவருக்கு அங்கிட்டு இடியாப்பம் பிழிந்தால் பஞ்சு. இங்கிட்டுப் பிழிந்தால் கயிறு. நான்சி நட்ட முருங்கை காய்த்துத் தொங்கும். அருள்ராணி நட்டதில் கம்பளிப்பூச்சிதான் காய்க்கும். இதையெல்லாம்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். சேலையைத்தான் பொறுக்க முடியவில்லை. எந்தச் சாதாரணச் சேலையையும் நான்சி கட்டினால் கல்யாண வீட்டுக்குப் போகிறவள் போலிருக்கும். அதையே அருள்ராணி கட்டினால் ரேஷன் கடைக்குப் போகிறவள் போலிருக்கும்.

விராலிமலையில் அவள் வேலை பார்த்த துணிக்கடையைப் போன வருடம் மூடிவிட்டார்கள். ஆண்ட்ரூஸின் லோடு ஆட்டோ ஓடியதைவிட மெக்கானிக் வாசலில் நின்றதுதான் அதிகம். இந்த நேரத்தில் புதுக்கோட்டையில் திறக்கப்போகும் ஜவுளிக்கடைக்குச் சேலைப் பிரிவுச் சூப்பர்வைசர் வேண்டும், ஒரே ஒரு இடம்தான் என்று செய்தி வந்தது. அதைக் கொண்டுவந்தவளே நான்சிதான்.

"ரெண்டு பேருமே போயிட்டு வருவோம்க்கா. யாருக்குக் கெடச்சாலும் நல்லதுதானே?"

யாருக்குக் கிடைத்தாலும் என்பது எப்படி நல்லதாகும் என்று அருள்ராணிக்கு விளங்கவேயில்லை.

முதல் நாள் சாயங்காலம் சுவருக்கு அங்கிட்டு நான்சி ஒத்திகை பார்க்கும் சத்தம் கேட்டது. "என்னோட பலவீனம் என்னன்னா சார், வேலைன்னு வந்துட்டா எனக்குச் சோறு தண்ணி நெனப்பே வராது." அடப்பாவி, பலவீனத்தையே பலமாக்கி வைத்திருக்கிறாளே! அருள்ராணி சுவரில் காதை ஒட்டி அதை அட்சரம் பிசகாமல் மனப்பாடம் செய்துகொண்டாள். வாழ்க்கையில் இந்த ஒரு தடவையாவது அவளை முந்திவிட வேண்டும். பெயர் வரிசையில் கூப்பிட்டால் 'அ' தானே முதலில்?

அப்படித்தான் கூப்பிட்டார்கள். கடையில் தச்சு வேலை முடியாததால் மேனேஜர் உடையப்பன் கல்லாக் கூண்டுக்குள் உட்கார்ந்து கேள்வி கேட்டார். நடுவில் கம்பிவலை. அவருக்கு ஒரு காது மந்தம். நல்ல காதை வலைப்பக்கம் சாய்த்து, நெற்றியைக் கையில் தாங்கி, கண்ணை மூடிக்கொண்டு கேட்பதுதான் அவர் வழக்கம்.

பலத்தைச் சொல்வதில் அருள்ராணி தடுமாறவில்லை. கடைக்கு வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்ப மாட்டாள். பிரித்துப் போட்ட சேலைகளை மடித்து அடுக்குவதில் கை மின்னல்.

"சரிம்மா. இப்ப ஒங்க கொறையச் சொல்லுங்க."

அங்கேதான் கெட்டது காரியம். அது தவக்காலம். போன சனிக்கிழமை சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனபோது, வரிசையில் பின்னால் நான்சி நின்றதால், முக்கியமான பாவத்தை மென்று விழுங்கிவிட்டு வந்திருந்தாள் அருள்ராணி. இப்போதோ எதிரே, பாவசங்கீர்த்தனக் கூண்டில் இருப்பது போலவே கம்பிவலை. வலைக்கு அப்பால் சாய்ந்த காது, மூடிய கண். சின்ன வயதிலிருந்து பழகிய நாக்கு யாரைக் கேட்டு அசையும்?

"வெளிய நிக்கிற ஓரகத்தி நான்சி மேல பொறாமைங்க, சாமி."

"கொஞ்சம் சத்தமா."

"பொறாமைங்க! அவ புதுச்சேலை கட்டுனா எனக்கு அன்னைக்குச் சோறு எறங்காது. பார்டர் எத்தனை வெரக்கடை, முந்தியில என்ன பூவுன்னு கண்ணை மூடுனாலும் தெரியுது. இப்ப ஒங்ககிட்டச் சொல்ல வச்சிருந்த பதிலும் அவளோடதுதான், திருடிட்டேன்." தலையைக் குனிந்தாள். "பரிகாரமா எத்தனை அருள்நிறைந்த மந்திரம் சொல்லணும், சாமி?"

உடையப்பன் கண்ணைத் திறந்தார். "எதுக்கும்மா மந்திரம்? வெளிய போயி அடுத்தவங்கள வரச் சொல்லுங்க."

வெளியே பெஞ்சில் வந்து உட்கார்ந்த பிறகுதான் அருள்ராணிக்குத் தான் செய்த காரியம் உறைத்தது. சாமியாரிடம் சொன்னால் அவரோடு போகும். மேனேஜருக்கு என்ன கட்டாயம்? அதிலும் நான்சி உள்ளே போனதும், காது மந்தமானவர் குரல் தச்சர் வரைக்கும் கேட்டது.

"ஒங்க அக்காவுக்கு ஒங்க மேல பொறாமையாமே! நீங்க சொல்லப்போற பதிலையும் திருடிட்டாங்களாமே!"

"திருடட்டும் சார். நானே யூடியூப்ல இருந்து எடுத்ததுதான்," என்றது நான்சியின் குரல். "பொறாமை எனக்கு எப்பவோ தெரியும். கடையில எந்தச் சேலை நல்லாருக்குன்னு எனக்குச் சொல்லத் தெரியாது சார், அதுதான் என் பலவீனம். ரெண்டு மூணு வாங்கியாந்து கட்டிப் பாப்பேன். எதுக்கு அக்கா மூஞ்சி சுருங்குதோ அதை வச்சுக்கிட்டு மிச்சத்தத் திருப்பிக் கொடுத்துருவேன். இதுவரைக்கும் தப்புனதில்ல."

தச்சர் இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டு அருள்ராணியின் முகத்தையே பார்த்தார்.

கொஞ்ச நேரத்தில் உடையப்பன் வெளியே வந்தார். "அருள்ராணியம்மா, ஒண்ணாந்தேதி வந்துருங்க. புதுச்சரக்குப் பிரிச்சா மொதல்ல ஒங்க மூஞ்சியத்தான் பாக்கணும்."

திரும்பும் பஸ்ஸில் அருள்ராணி நான்சிக்குப் பக்கத்தில் ஜன்னலோரமாக உட்கார்ந்து வயிறெரிந்தாள். வேலை கிடைத்துவிட்டது. ஆனால் தன் வாயால் கிடைக்கவில்லை, இவள் வாயால் கிடைத்தது. முந்திவிடலாம் என்று வந்தால், விட்டுக்கொடுப்பதிலும் இவளே முந்திவிட்டாளே!

"ஒனக்கு வருத்தமா இல்லையாடி?"

"இருக்குக்கா. அங்க வேலை செய்றவங்களுக்குத் தள்ளுபடி உண்டுல்ல?"

அருள்ராணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பில் பொறாமை ஜன்னல் வழியே பறந்து, குளத்தூர் தாண்டி ஒரு கண்மாயில் விழுந்து மூழ்கியது. இன்றுவரை எழுந்திருக்கவில்லை.

"நிறுத்துங்க அப்பத்தா," என்று இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்த கிழவியை மறித்தாள், பக்கத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்த நான்சி. "எங்கிட்டு மூழ்குச்சு? நேத்து நான் எடுத்துட்டு வந்த சேலையப் பாத்துட்டு அக்கா ராத்திரி சாப்பிடவே இல்லை. சாப்பிட்டிருந்தா இந்நேரம் அதைத் திருப்பிக் கொடுத்திருப்பேன்."