வாங்காத டீக்காசு

மகனைப் பார்க்க ஜப்பானுக்குப் போயிருந்தபோது என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்தது. பல் துலக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சுவரில் சாய்ந்தார். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு குழறியது.

திருச்செங்கோட்டில் போர்வெல் லாரி ஓட்டிப் பிழைத்தவர் அவர். யார் ஒரு வேலை செய்து கொடுத்தாலும் டீக்காசு கொடுக்காமல் நகரமாட்டார். ஜப்பானில் இறங்கிய அன்றே டாக்சிக்காரரிடம் மீதியை வைத்துக்கொள்ளும்படி சைகை காட்டிவிட்டு நடந்தார். அந்த மனிதர் பின்னாலேயே ஓடிவந்து, குனிந்து வணங்கி, சில்லறையைத் திருப்பிக் கொடுத்தார்.

"இங்க அப்படிக் குடுக்கற பழக்கமில்லீங்கப்பா" என்றான் மகன்.

"மனசாரக் குடுக்கறத வேண்டாங்கறாங்களே" என்றவருக்கு முகம் வாடிப்போனது.

ஆஸ்பத்திரியில் இவரைத் துடைத்துவிட்டு உடை மாற்ற ஓர் அம்மா வருவார். என் வயதுதான் இருக்கும். அந்த அம்மாவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சேலத்து ஆஸ்பத்திரி நினைவுக்கு வரும். அங்கே என் மாமியார் படுத்திருந்தபோது, ஆயாம்மா கையில் ஏதாவது வைத்தால்தான் விரிப்பு மாறும். வைக்காத நாளில் கூப்பிட்டே தொண்டை வற்றிவிடும். இங்கே எனக்குக் கூப்பிடக்கூடப் பாஷை தெரியாது.

ஒரு காலையில் நோட்டை மடித்து அந்த அம்மாவின் கைக்குள் திணித்தேன். சுட்டதுபோலக் கையை இழுத்துக்கொண்டார். நோட்டை மேசைமேல் வைத்து, தலை தாழ்த்தி வணங்கிவிட்டு வெளியே போய்விட்டார்.

சாயங்காலம் மகன் வந்ததும் அழுதேவிட்டேன். "கொறச்சுக் குடுத்துட்டனோ என்னமோ, கண்ணு. நாளைக்கு அவங்க வராமப் போயிட்டா அப்பாவ யாரு பாக்கறது?"

"வாங்கக்கூடாதுன்னு ஆஸ்பத்திரில சட்டம் இருக்குதுங்கம்மா. அவங்க வேலய அவங்க செய்யறாங்க."

"சேலத்துலயும் அது வேலதான சாமி?"

அவன் மேசைமேல் கிடந்த நோட்டை எடுத்து என் பைக்குள் வைத்தான்.

மறுநாள் அந்த அம்மா வந்தார். அன்று தலைக்கும் குளிப்பாட்டினார். வெந்நீரைத் தன் மணிக்கட்டில் ஊற்றிச் சூடு பார்த்துவிட்டுத்தான் இவர் தலையில் விட்டார். மடங்கியிருந்த வலது கையை விரல் விரலாகப் பிரித்து, இடுக்கெல்லாம் துடைத்தார். எல்லாம் முடிந்ததும் இவருடைய இடது கை மெல்ல நெஞ்சுக்கு ஏறி அங்கேயே துழாவியது. ஆஸ்பத்திரி அங்கியில் ஏது சட்டைப் பை? துழாவித் துழாவிப் பார்த்துவிட்டு இவர் விசும்பினார். வலிக்கிறதோ என்று அந்த அம்மா பதறினார். நான் இல்லையென்று தலையாட்டிவிட்டு இரு கைகளையும் கூப்பினேன். இவரும் இடது கையை நெற்றிவரை கொண்டுபோனார். அந்த அம்மா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

கொஞ்சம் தேறியதும் இவரை ஊருக்குக் கூட்டி வந்தோம். மறுபடியும் முடியாமல் போய், சேலத்தில் சேர்த்தோம். அங்கே ஆயாம்மாவுக்குத் தினமும் கொடுத்தேன். ஒருநாள் அவரே சொன்னார்: "தப்பா நெனச்சுக்காதீங்கம்மா. கான்ட்ராக்ட்டுல குடுக்கற சம்பளம் வாடகைக்கே பத்தாதுங்க." அதன்பிறகு முகம் சுளிக்காமல் கொடுத்தேன்.

ஆடி பிறக்கும் முன்பே இவர் போய்விட்டார். ஆயாம்மாதான் முகத்தைத் துடைத்து, கண்ணை மூடிவிட்டு, தாடையைக் கட்டினார். அன்று எதுவும் கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அவரும் கேட்கவில்லை. வண்டி வரும்வரை என் தோளைப் பிடித்தபடி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.