என் வரன்களுக்கு அவர் சொன்ன பதில்

போன வருடம் ஈஸ்டர் முடிந்து வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆவூர் கோயிலில் பூசை முடிந்து நானும் அம்மாவும் வெளியே வந்தபோது, முன்பின் தெரியாத ஒரு அம்மா என்னை நிறுத்தினார்.

"புதுக்கோட்டை டூவீலர் ஷோரூம்ல வேலை பாத்த பொண்ணு நீதானம்மா? மேட்ரிமோனியில ஒன் போட்டோ பாத்துட்டு என் மகனுக்காகப் போன் போட்டேன். ஒரு ஆம்பளை எடுத்தாரு. 'அந்தப் புள்ளைய எதுக்கு நிப்பாட்டுனோம்னு தெரிஞ்சா நீங்க சம்பந்தமே பேச மாட்டீங்க'ன்னாரு."

என் அம்மா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

அந்த ஷோரூமில் யாரும் என்னை நிறுத்தவில்லை. மேனேஜர், வேலை நேரம் முடிந்த பிறகும் எனக்குத் தேவையில்லாமல் போன் செய்துகொண்டே இருந்தார். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. நானேதான் வேலையை விட்டேன். கம்பெனி கொடுத்த சிம்மையும் ஒப்படைத்துவிட்டேன். ஆனால் மெயில், பேங்க், கேஸ் சிலிண்டர், அப்பா சொல்லி நான் பதிந்த மேட்ரிமோனி எல்லாவற்றிலும் அந்த நம்பர்தான் இருந்தது. அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன்.

"நீங்க அதை நம்பலையாம்மா?" என்று கேட்டேன்.

"யாரு என்னன்னே தெரியாத எங்கிட்ட ஒரு பொண்ணைப் பத்தி அப்படிப் பேசுறவன் நல்லவனா இருப்பானா? அதான் மேட்ரிமோனியில நீங்க போட்டிருந்த இந்தக் கோயிலுக்கே வந்து நேர்ல பாத்துட்டுப் போவோம்னு வந்தேன்."

மறுநாள் காலையில் ஷோரூமுக்குப் போய் மேனேஜர் மேஜை முன்னால் நின்றேன்.

"எனக்கு வர்ற போனை எடுத்து என்ன சார் சொல்றீங்க?"

அவர் நிமிரக்கூட இல்லை. "கம்பெனி நம்பரு. யாரு போட்டாலும் நாங்கதான் எடுப்போம்."

"சரி, நம்பரை மாத்திக்கிறேன். ஓடிபி வரும், அதை மட்டும் சொல்லுங்க."

"அதெல்லாம் சொல்ல முடியாது. வேணும்னா எழுதிக் குடுத்துட்டுப் போ."

அந்த சிம் போட்ட கம்பெனி போன் இப்போது, என் இடத்துக்கு வந்திருந்த புதுப் பெண்ணிடம் இருந்தது. அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே என் மொபைலில் ஓடிபி கேட்கும் பட்டனை அழுத்தினேன். அவள் போனைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி எண்களை வாசித்தாள்.

"போனைக் குடு இங்கிட்டு" என்று அவர் கையை நீட்டினார்.

அவள் கொடுக்கவில்லை. "அக்கா, வேற எதுலயெல்லாம் இந்த நம்பர் இருக்கு? எல்லாத்தையும் இப்பவே மாத்திருங்க."

வண்டி பார்க்க வந்தவர்கள் எல்லாம் எங்களையே பார்த்துக்கொண்டிருந்ததால், அவரால் சத்தம் போட முடியவில்லை. ஒவ்வொன்றாக மாற்றினேன். ஒவ்வொரு முறையும் அவள் வாசித்தாள். நான் கிளம்பும்போது வாசல் வரை வந்து, "பொண்ணு கேட்டு போன் வந்தா எங்கிட்டேருந்து வாங்கிருவாருக்கா. நெறைய வந்துச்சு" என்றாள்.

கோயிலில் பார்த்த அம்மாவின் மகனுக்குச் சிங்கப்பூரில் வேலை. எனக்கு அவ்வளவு தூரம் போக விருப்பமில்லாததால் அந்தச் சம்பந்தம் கூடிவரவில்லை. ஆனாலும் அந்த அம்மாவை எங்கே பார்த்தாலும் நின்று பேசாமல் நான் போவதில்லை.

மேனேஜர் மேல் இருக்கும் கோபம் என்றைக்காவது ஆறிவிடும். முகம் தெரியாத ஒருவர் சொன்ன ஒரு வரியை நம்பி, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் போனை வைத்தார்களே, அந்த வீடுகள் மேல் இருக்கும் கோபம்தான் இன்னும் ஆறவில்லை.