காந்த ஊசியும் அக்காவின் இரும்பு நகமும்

“…பரீட்சை முடிஞ்சு வெளிய வார வரைக்கும் கழட்டிப் போடாத, சாமி. இது இடுப்புல கெடந்தா அனுமாரே உங்கூட வந்து நிக்கற மாதிரி” என்று சொல்லிக்கொண்டே என் அக்கா பாவாயி தன் இரும்பு நகத்தை என் அரைஞாண் கயிற்றில் முடிச்சுப் போட்டாள்.

பரமத்தி வேலூரில் எங்களுக்கு வெற்றிலைக் கொடிக்கால். வெற்றிலை கிள்ளுகிறவர்கள் கட்டைவிரலில் இரும்பில் செய்த நகம் ஒன்றை மாட்டிக்கொள்வார்கள். அக்கா அதை நாமக்கல் ஆஞ்சநேயர் சந்நிதியில் வைத்து எடுத்து வந்திருந்தாள். நான் தேறினால் வெற்றிலை மாலை சாற்றுவதாக வேண்டியும் இருந்தாள். மேட்டூர் அணை கட்டி முடித்த மறு வருஷம், மாசி மாதம் அது.

அன்பர்களே, அப்போது நான் இருந்த நிலையை எப்படிச் சொல்ல? முந்தின வருஷம் இன்டர்மீடியட்டில் பௌதிகம் தவறிவிட்டேன். அப்பா அதிகம் பேசாதவர். இன்னும் ஒரே ஒரு முறை எழுது, அதற்கு மேல் கொடிக்கால்தான் என்று சொல்லிவிட்டார். கொடிக்கால் வேலையை நான் ஒருநாளும் தாழ்வாக நினைத்தவனில்லை. ஆனால் எனக்கு வாத்தியாராக வேண்டும். சின்ன வயதிலேயே படிப்பை நிறுத்திவிட்டு என் பங்கு வெற்றிலையையும் கிள்ளிக்கொண்டிருந்த அக்காவுக்கும் அதுதான் ஆசை.

மறுபடி காலேஜில் சேர வழியில்லை. சொல்லித்தர ஆளில்லை. தொட்டுப் பார்க்கக் கருவியில்லை. பழைய நோட்டு ஒன்றுதான். வெற்றிலையைக் கவுளி கவுளியாக, அதாவது நூறு நூறாக, அடுக்கும்போது சூத்திரங்களை வாய்விட்டுச் சொல்வேன். மின்னோட்டத்தையும் தடையையும் பெருக்கினால் மின்னழுத்தம். லென்ஸுக்குத் தூரங்களின் தலைகீழ். காந்தத்துக்குக் கோணத்தின் டேன்ஜென்ட். ஒரு கவுளிக்கு ஒரு சூத்திரம். “இன்னிக்கி என்ன மந்தரம்டா? நம்மூட்டுப் பூசாரி கூட இத்தன சொல்ல மாட்டாரு” என்று அக்கா சிரிப்பாள். அவளுக்கே பாதி மனப்பாடமாகிவிட்டது.

எழுத்துத் தேர்வு பயமில்லை. செய்முறைத் தேர்வுதான் பயம். சேலத்தில் ஆய்வுக்கூடத்துக்குள் போகும்போதே தேர்வாளர் எச்சரித்தார்: காந்தச் சோதனை செய்கிறவர்கள் இரும்பு எதையும் கிட்டே வைத்துக்கொள்ளக் கூடாது. சாவியை எடுத்து வைத்தேன். பேனாக்கத்தியை எடுத்து வைத்தேன். இடுப்பில் இருந்தது எனக்கு இரும்பாகத் தோன்றவே இல்லை. அது அனுமார்.

எனக்கு விழுந்தது மேக்னடோமீட்டர். நீளமான பலகையின் நடுவில் திசைகாட்டிப் பெட்டி, அதற்குள் காந்த ஊசி. பலகையின் ஒரு பக்கத்தில் காந்தத்தை இத்தனை தூரம் என்று வைத்தால் ஊசி திரும்பும். அந்தக் கோணத்தையும் தூரத்தையும் சூத்திரத்தில் போட வேண்டும். தூரத்தை மாற்றினாலும் விடை மாறக் கூடாது. அதுதான் அந்தச் சூத்திரத்தின் சத்தியம்.

என் விடை மாறியது. ஒரு பக்கம் நாற்பத்தொரு பாகை. காந்தத்தைத் திருப்பி வைத்தால் முப்பத்துமூன்று. மறுபடி வைத்தேன். வேறு எண். குனிந்து பார்த்தால் ஒன்று, நிமிர்ந்து பார்த்தால் இன்னொன்று. கணக்கைத் திரும்பப் போட்டேன். சூத்திரம் சரி. பெருக்கல் சரி. விடை மட்டும் மேசைக்கு மேசை அலைகிற ஈயைப் போல எங்கும் உட்காரவில்லை. பக்கத்து மேசைக்காரன் முடித்துவிட்டு மை உலர ஊதிக்கொண்டிருந்தான்.

பாதி நேரம் போய்விட்டது. யாரைக் கேட்பது? கேட்கவும் கூடாது. காந்தத்தைத் தூரமாக ஒதுக்கிவிட்டு மேசையோடு ஒட்டி நின்றேன். அரைஞாணை வேட்டிக்கு மேலே இழுத்து நகத்தைக் கைக்குள் பொத்திக்கொண்டேன். கண்ணை மூடினேன். “அனுமாரே, எனக்குத் தெரிஞ்சதெல்லாம் தீந்து போச்சு. இனி எனக்கு ஒண்ணும் தெரியாது” என்றேன். அவ்வளவுதான் என் பிரார்த்தனை.

கண்ணைத் திறந்தேன். காந்தம் பக்கத்தில் இல்லை, ஊசி பூஜ்யத்தில் நிற்க வேண்டும். நிற்கவில்லை. என் கைப்பக்கம் திரும்பி நின்றது. பின்னால் ஒரு எட்டு வைத்தேன். ஊசி மெல்லத் திரும்பிப் போயிற்று. முன்னால் வந்தேன். வந்தது.

இத்தனை நேரம் ஊசியை இழுத்தது என் இடுப்பிலிருந்த இரும்பு நகம். சந்தோஷம் வரவில்லை, அன்பர்களே. பயம்தான் வந்தது. கழற்றாவிட்டால் தேர்வு போயிற்று. கழற்றினால் அக்காவின் வேண்டுதல் போயிற்று, துணைக்கு வந்தவரையும் நானே அனுப்பிவிடுகிறேன். முடிச்சில் விரலை வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். அப்புறம்தான் மனசில் பட்டது: கேட்டதற்குப் பதில் வந்தாயிற்று, இது அவரே காட்டிய வழி. முடிச்சை அவிழ்த்தேன்.

ஆய்வுக்கூடச் சிப்பந்தி மாரப்பன் கிட்டே வந்தார். “என்னங்க தம்பி அது?”

“சாமிங்க.”

அவர் என் கையைப் பார்த்தார், ஊசியைப் பார்த்தார். “சாமியக் குடுங்க. வெளிய நான் பத்தரமா வெச்சிருக்கறேன். இங்க நின்னா ஊசிக்கு ஆவாதுங்க” என்றார். கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கித் தலைப்பாகை மடிப்பில் செருகி, வராந்தாவுக்குப் போய் நின்றுகொண்டார்.

இடுப்பில் வெறும் கயிற்றோடு, யாருமில்லாதவனாக நின்று மறுபடி தொடங்கினேன். முதல் தூரம். இரண்டாம் தூரம். மூன்றாவது. மூன்று விடையும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு வந்தன. மணி அடித்தபோது கடைசி வரி எழுதிக்கொண்டிருந்தேன். வெளியே வந்து மாரப்பனிடம் நகத்தை வாங்கிக்கொண்டேன்.

தேறிவிட்டேன். இன்று நாமகிரிப்பேட்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருக்கிறேன். முன்பெல்லாம் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு மூடியபடியே இருப்பேன். இப்போது கேட்டதும் கண்ணைத் திறந்து பார்க்கிறேன். ஒன்றும் செய்ய முடியாமல் நிற்கிறவர்கள் இதைப் படிப்பீர்களானால், நீங்களும் அவரிடம் கேளுங்கள். அவர் காட்டுவது பிடிக்காததாக இருந்தாலும் நம்புங்கள். என்னைக் கைவிடாதவர் உங்களையும் விடமாட்டார்.

தேர்வு முடிவு வந்த அன்றுதான் அக்காவிடம் நடந்ததைச் சொன்னேன். அதுவரை தைரியம் வரவில்லை.

“அப்பக் கழட்டிட்டயா?” என்றாள்.

“கழட்டிட்டேங்க்கா.”

நகத்தைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “நாந்தேன் கூட வந்து ஊசியப் புடிச்சு ஆட்டிருக்கறேன்” என்றாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. பிறகு நகத்தைத் தன் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு, கொடிக்காலுக்குள் குனிந்து நுழைந்து, அனுமார் மாலைக்கு முதல் வெற்றிலையைக் கிள்ளினாள்.