எலிகளுக்குக் காற்று, எட்டு மணிக்கு மேல் மனிதர்களுக்கு

கடந்த தை மாதக் கடைசியில் இரண்டு நாள் தாண்டிக்குடிப் பக்கம் போயிருந்தேன். அருவி பார்க்க அல்ல. மருந்து ஆய்வுக்காக எலி வளர்க்கும் ஒரு தனியார் நிறுவனத்துக்கு நாங்கள் வடிவமைத்த கட்டடம் ஓராண்டாக எப்படி ஓடுகிறது என்று பார்க்க. காற்றோட்டம் என் பொறுப்பு. இதுபோன்ற கட்டடம் கட்டப்போகிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

வத்தலக்குண்டில் காலை 9.20க்குப் பேருந்து, டிக்கெட் நாற்பது ரூபாய். அய்யம்பாளையம் தாண்டியதும் ஏற்றம். பெரும்பாறையில் இறங்கும்போது மணி 11.15. அங்கிருந்து ஏழு கிலோமீட்டர் ஜீப், முந்நூறு ரூபாய். காப்பிப் பழம் பறிக்கும் காலம், ஜீப்புகள் தோட்டத்து ஆட்களை ஏற்றத்தான் ஓடுகின்றன. அரை மணியாவது காத்திருக்க வேண்டும்.

“எலி பங்களாவுக்கா?” என்றார் ஓட்டுநர். “கரண்ட் போனா எங்க ஊரு இருட்டுல கெடக்கும். அங்க மட்டும் ஜெனரேட்டர் ஓடும். மறுபிறவி இருந்தா எலியாப் பொறக்கணும் சார்.”

சிரித்தேன். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. மலைக்குளிரை மண்ணுக்கடியில் புதைத்த குழாய் வழியாக உள்ளே இழுக்கிறோம், அதனால் ஏசி பெரும்பாலும் ஓடுவதில்லை. ஒவ்வொரு கூண்டுக்கும் தனிக் குழாயில் காற்று போய்க்கொண்டே இருக்கும். அறை விசிறிகள் மட்டும் மாலை ஆறிலிருந்து காலை எட்டு வரை மெதுவாகும். அந்த நேரத்தில் உள்ளே யாரும் இருக்கமாட்டார்கள் என்று எங்களுக்குக் கொடுத்த தாளில் இருந்தது. மின்செலவு குறைந்ததில் பெரும்பங்கு இந்த மெதுவாக்கலால்தான்.

மறுநாள் காலை ஐந்தரைக்கு விருந்தினர் அறையில் விழித்தேன். எலி வீட்டில் வெளிச்சம் தெரியவே போய்ப் பார்த்தேன். உள்ளே இரண்டு பெண்கள் கூண்டுகளைக் கவிழ்த்து, மூத்திரத்தில் ஊறிய மரத்தூளைச் சாக்கில் தட்டிக்கொண்டிருந்தார்கள். நெடி கண்ணைக் கரித்தது. என்னால் ஐந்து நிமிடம் நிற்க முடியவில்லை. மூத்தவர் பாக்கியம் அக்கா வாசலுக்கு வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினார். நெடுநேரம் இருமினார்.

“எட்டு மணிக்குத்தானக்கா வேலை?”

“எட்டுக்குத் தோட்டத்துல பேரு போட்டுருவாங்க தம்பி. இந்தச் சோலிய வெள்ளனே முடிச்சாத்தான் அங்க பழம் பறிக்கப் போக முடியும். ரெண்டு கூலி இல்லாம எப்படி?”

“இருமல் எத்தன நாளா?”

“போன மழைக்கு முன்னாடியே. தம்பி, அத மட்டும் சொல்லிராதீங்க. நெஞ்சுல கோளாறுன்னா ஒப்பந்தக்காரரு அன்னைக்கே நிறுத்திப்புடுவாரு.”

கூட இருந்த பெண் உள்ளேயிருந்து கத்தினார்: “ஏக்கா, வெரசா வா! எலி ஒண்ணும் இருமல, நீதான் இருமிக்கிட்டுக் கெடக்க!”

ஒவ்வொரு எலியின் உடற்சூட்டையும் கணக்கில் சேர்த்தவன் நான். அறையில் நின்று மூச்சுவிடுகிறவரைச் சேர்க்கவில்லை. கேட்டால் சொல்லியிருப்பார்கள். அவர்களிடம் யாரும் கேட்பதில்லை, நானும் கேட்கவில்லை.

டைமரை ஐந்து மணிக்கு மாற்ற எனக்கு இரண்டு நிமிடம் போதும். கடவுச்சொல்லும் தெரியும். ஆனாலும் நல்ல பிள்ளையாகப் பத்து மணிக்கு மேலாளரிடம் அனுமதி கேட்டேன். பாக்கியம் அக்கா பெயரையோ இருமலையோ சொல்லவில்லை. விடியலிலேயே கூண்டு கழுவும் வேலை நடப்பதையும் நெடியையும் மட்டும் சொன்னேன்.

“ஃபேன் டைமிங் மாத்தினா சேவிங் அடிபடும். ஹெட் ஆபீஸ்ல அதைத்தான் காட்டியிருக்கோம்,” என்றார். பிறகு, “விடுங்க, நான் சரி பண்றேன்.” நம்பினேன்.

மூன்றாம் நாள் விடியலில், ஊருக்குக் கிளம்பும் முன், கேட் பக்கம் பேச்சுக்குரல் கேட்டுப் போனேன். கேட் பூட்டியிருந்தது. மூடுபனியில் இரண்டு பேரும் வெளியே நின்றார்கள்.

“இனி எட்டுக்குத்தான் தெறப்பாங்களாம். முடியாதவங்க வேணாமாம்,” என்றார் பாக்கியம் அக்கா. பிறகு என்னை உற்றுப் பார்த்தார். “நீங்க சொன்னீங்களா தம்பி?”

ஆமாம் என்றேன். அவர் தலைத்துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு தோட்டத்துப் பாதையில் இறங்கினார். முதல் வளைவு வரை இருமல் கேட்டது.

போகிறவர்களுக்கு: முதல் ஜீப் காலை 6.40க்கு. ஸ்வெட்டர் அவசியம். இப்படிப்பட்ட கட்டடம் வடிவமைப்பவர்கள் வேலை நேரத்தைத் தாளில் பார்க்காதீர்கள். கூண்டைக் கழுவுகிறவரிடம் கேளுங்கள். விசிறியை மெதுவாக்குமுன் அந்த அறையில் அவரோடு ஒரு மணி நேரம் நில்லுங்கள். மாற்ற வேண்டியதை உங்கள் கையாலேயே மாற்றிவிட்டு, அப்புறம் அனுமதி கேளுங்கள்.

விசிறிகள் இப்போதும் எட்டு மணிக்குத்தான் வேகமெடுக்கின்றன. மின்சேமிப்பு ஒரு யூனிட்கூடக் குறையவில்லை.