பத்தொன்பதாம் எக்ஸ்டென்ஷன்

இறால் கம்பெனியில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது அங்கே ஒரே ஒரு டெலிபோன்தான் இருந்தது. அது மேனேஜர் மேசையில் இருக்கும். ஐஸ் பிளான்ட்டிலிருந்தும் இறால் உரிக்கிற ஷெட்டிலிருந்தும் ஆட்கள் ஈரக் காலோடு ஓடிவந்து அதில் பேசுவார்கள். தரையெல்லாம் சேறாகிறது என்று மேனேஜர் கத்துவார். கொச்சியிலிருந்து வாங்குகிறவர்கள் கூப்பிட்டால் எப்போதும் லைன் பிஸி. ஆகவே ஒரு மழைக்காலம் முடிந்த கையோடு, நாலு வெளி லைனும் ஒன்பது எக்ஸ்டென்ஷனும் உள்ள புது சிஸ்டம் வாங்கினார்கள்.

அதைப் பூட்டுவதற்குச் சென்னையிலிருந்து ஒரு மெக்கானிக் வந்தார். நாற்பது வயது இருக்கும். அதிகம் பேசமாட்டார். மூன்று நாள் நான்தான் அவருக்குக் கூடமாட உதவி. ப்ளஸ் டூ முடித்துவிட்டு கம்ப்யூட்டர் கிளாஸ் போனவள் என்பதால் என்னை அந்த வேலைக்குப் போட்டிருந்தார்கள். சுவரில் பெட்டியை மாட்டி, அதற்குள் நீலமும் வெள்ளையும், ஆரஞ்சும் வெள்ளையுமாக முறுக்கிய கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டி இறக்கினார். எந்தக் கம்பி எந்த அறைக்குப் போகிறது என்று நான் துண்டுத்தாளில் எழுதி ஒட்டினேன். இங்கே உப்புக்காற்றில் செம்பு பச்சைபிடித்துவிடும் என்று சொன்னேன். "அது எனக்குத் தெரியாதே" என்று உண்மையாகவே ஆச்சரியப்பட்டு, ஐஸ் பிளான்ட்டுக்குப் போகும் முனைகளுக்கெல்லாம் கிரீஸ் தடவினார்.

மேனேஜருக்குப் பதினொன்று. கணக்குப் பிரிவுக்குப் பன்னிரண்டு. கொள்முதல், கோல்டு ஸ்டோர், ஐஸ் பிளான்ட், லாரி ஷெட், கேட், உரிக்கிற ஷெட் என்று பதினெட்டு வரைக்கும் போயிற்று. எல்லா அழைப்பும் முதலில் என் மேசைக்கு வரும். ஒரு லைன் பிஸியாக இருந்தால் தானாக அடுத்த லைனில் விழும். சிவப்பு விளக்கு மினுக்கினால் யாரோ காத்திருக்கிறார்கள் என்று பொருள்.

கடைசி நாள் மேனேஜர் வந்து இன்னொரு போன் வேண்டும் என்றார். தெர்மோகோல் பெட்டிகள் அடுக்கி வைத்திருக்கும் பழைய அறையைக் காட்டினார்.

"அங்க யார் சார் உக்காருவாங்க?" என்று மெக்கானிக் கேட்டார்.

"யாரும் உக்கார வேணாம். ஊர்க்காரங்க போன் பண்ணுவாங்க. தண்ணி நாறுது, இறா செத்துப்போச்சு, அவனுக்கு ஏன் லீவு குடுக்கல, இவன ஏன் நிறுத்தினனு. அதுக்கெல்லாம் ஒரு நம்பர் வேணுமில்ல? அடிக்கட்டும்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். மெக்கானிக் சிரிக்கவில்லை. நான் சிரித்தேன். புது வேலை, புது நாற்காலி, மேனேஜர் நம்மை வைத்துக்கொண்டு இப்படிப் பேசுகிறாரே என்ற பெருமை. எல்லா மேசைக்கும் ஒட்டுவதற்கான பட்டியலில் பத்தொன்பதுக்கு எதிரே "மக்கள் தொடர்பு" என்று எழுதச் சொன்னார். என் கையெழுத்து அழகாக இருக்கும். எழுதினேன்.

எங்கள் வீடு பழவேற்காடு ஏரிக்கரையில். அம்மா இடுப்பளவுத் தண்ணீரில் கையால் துழாவி இறால் பிடிக்கிறவள். பிடித்ததைப் போடும் ஓலைப் பறியைப் பல்லால் கடித்துக்கொண்டிருப்பதால் ஏரியில் இருக்கும்போது பேசமாட்டாள். நைனாவும் அதே தொழில்தான். வீட்டில் கரண்டு பில் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்தி. அதனால் மேனேஜர் சொல்லிக்கொடுத்த பேச்சை இரண்டே வாரத்தில் பிடித்துக்கொண்டேன். 'இன்னா' வரக்கூடாது. 'கீது' வரக்கூடாது. "வணக்கம். தங்களுக்கு எந்தப் பிரிவுடன் பேச வேண்டும்? இணைப்பில் காத்திருக்கவும்." வீட்டில் ஒருமுறை அதைப் பேசிக் காட்டினேன். நைனா வாயைத் துண்டால் மூடிக்கொண்டு சிரித்தார்.

ஏரியின் பல பக்கங்களிலிருந்தும் ஆட்கள் கூப்பிட்டார்கள். கம்பெனிக் கழிவுத் தண்ணீர் ஓடையில் விழுந்து குஞ்சு இறாலெல்லாம் மிதக்கிறது என்று ஒருவர் வாரம் தவறாமல் பேசுவார். "தங்களை மக்கள் தொடர்புப் பிரிவுடன் இணைக்கிறேன்" என்பேன். ஹோல்டில் ஒரு வீணை இசை ஓடும். பிறகு பத்தொன்பதில் மணி அடிக்கும். சுவருக்கு அந்தப் பக்கம்தான் அந்த அறை. பெட்டிகளுக்கு நடுவில் அது அடிப்பது என் காதுக்கே கேட்கும். எட்டு முறை அடித்ததும் தானாக அறுந்துவிடும். முதல் வாரம் அது சங்கடமாக இருந்தது. பிறகு பழகிப்போயிற்று. அப்படிப் பழகிப்போனதுதான் இப்போது நினைத்தாலும் உறுத்துகிறது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் ஐஸ் பிளான்ட்டில் குழாய் ஒன்று விரிசல் விட்டு அமோனியா கேஸ் அடித்தது. ஆபீஸ் வரைக்கும் நெடி வந்தது. கண்ணில் நீர் கொட்ட வெளியே ஓடினோம். அரைமணி நேரத்தில் அடங்கிவிட்டது. குழாய்க்குப் பக்கத்தில் நின்றிருந்த ஒருவரை மட்டும் கம்பெனி வேனில் தூக்கிப்போட்டுக்கொண்டு போனார்கள். ஏரிக்கு அந்தக் கரையில், படகில்தான் போகவேண்டிய ஊர்க்காரர் அவர். எனக்குப் பழக்கமில்லை. "வெளியில யாரும் வாயத் தொறக்கக்கூடாது" என்று மேனேஜர் எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னார். வெள்ளிக்கிழமை கொச்சிக்காரர்கள் பிளான்ட்டைப் பார்க்க வருவதாக இருந்தது.

அன்று சாயங்காலமே அந்தப் பெண்ணின் முதல் போன் வந்தது.

"ஹலோ, ஐஸ் கம்பெனியாம்மா? எங்க வூட்டுக்காரரு அங்கதான் வேல செய்றாரு. கேஸ் அடிச்சி ஆஸ்பத்திரிக்கு இட்டுனு பூட்டாங்கனு சொல்றாங்க. எந்த ஆஸ்பத்திரினு சொல்லும்மா."

மேனேஜரிடம் கேட்டேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "பத்தொன்பதுக்குப் போடு."

போட்டேன்.

புதன்கிழமை ஆறு தடவை கூப்பிட்டாள். பின்னால் குழந்தை அழும் சத்தம் கேட்கும். "பொன்னேரி ஆஸ்பத்திரில போயி பாத்துட்டேம்மா, அங்க வந்தாரு, அப்பறம் வேற எங்கயோ இட்டுனு பூட்டாங்கன்றாங்க. அவரு போனும் அடிச்சி அடிச்சி ஓயுது." அவர் போன் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். வேலை நேரத்தில் எல்லாருடைய போனையும் கேட்டில் வாங்கி வைத்துவிடுவார்கள். வேன் டிரைவரிடம் ரகசியமாக விசாரித்தேன். "என்ன மாட்டி வுட்டுறாதம்மா, எனக்கு ரெண்டு புள்ளைங்க கீது" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

வியாழக்கிழமை அவள் கேட்டிலேயே வந்து நின்றிருக்கிறாள். படகு ஏறி, பஸ் ஏறி, இடுப்பில் குழந்தையோடு. வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. "ஆபீஸ் நம்பருக்குப் பேசும்மா" என்று அனுப்பிவிட்டார். கேட்டுக்கு வெளியே நின்றபடியே எனக்குப் பேசினாள். நான் அவளை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே, "தங்களை மக்கள் தொடர்புப் பிரிவுடன் இணைக்கிறேன்" என்றேன். முக்காடு நழுவியது தெரியாமல் போனைக் காதில் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். சுவருக்கு அந்தப் பக்கம் மணி அடித்தது. எட்டு முறையும் எண்ணினேன்.

வீட்டுக்குப் போய் எதுவும் சாப்பிடவில்லை. அம்மா கேட்டாள். உடம்பு சரியில்லை என்றேன். போனில் நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

வெள்ளிக்கிழமை கொச்சியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். மேனேஜர் அறையில் டீயும் முந்திரியும் போயிற்று. புது போனைக் காட்டிப் பெருமையடித்துக்கொண்டிருந்தார். யார் கூப்பிட்டாலும் ஸ்பீக்கரில் போட்டுப் பேசுவது அவர் வழக்கம்.

எக்ஸ்டென்ஷனுக்கு வரும் அழைப்பை வேறு எக்ஸ்டென்ஷனுக்குத் திருப்பிவிடும் முறையை மெக்கானிக் எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். என் மேசைப் போனிலிருந்தே செய்யலாம். பாஸ்வேர்டைப் பெட்டி மூடியின் உள்பக்கம் பென்சிலால் எழுதி வைத்திருந்தார். நேராகவே அவளை மேனேஜருக்குக் கொடுத்திருக்கலாம். கொடுத்தால் என் கை என்று தெரிந்துவிடும். திருப்பி வைத்தால் மிஷின் மேல் பழியைப் போடலாம். இதை யோசித்துத்தான் செய்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. பத்தொன்பதைப் பதினொன்றுக்குத் திருப்பினேன். முதல் தடவை தப்பாகப் போய், பிறகு சரியாக விழுந்தது.

பதினோரு மணி வாக்கில் அவள் கூப்பிட்டாள். வழக்கமான வாக்கியத்தைச் சொன்னேன். பத்தொன்பதுக்குப் போட்டேன். மேனேஜர் அறையில் போன் இரண்டு முறை அடித்தது. கதவு பாதி திறந்திருந்தது.

"யெஸ்?" என்றார்.

"ஐயா! யாரோ எடுத்துட்டீங்க, ஐயா!" அவள் குரல் அந்த அறையை நிறைத்தது. "நாலு நாளா கூப்புடறேன் ஐயா. கேஸ் அடிச்சி எங்க வூட்டுக்காரர எங்க வச்சிகீறீங்க? உசுரோட கீறாரா இல்லியா? அதையாவது சொல்லுங்க."

நான் எழுந்து நின்றுவிட்டேன். உள்ளே கொச்சிக்காரர்களில் ஒருவர் மெதுவாக, "கேஸா? என்ன கேஸ்?" என்று கேட்டார்.

மேனேஜர் தொண்டையைச் செருமினார். அவர் அத்தனை கனிவாகப் பேசி நான் கேட்டதில்லை. "பதறாதம்மா, நல்லா இருக்காரு. இப்பவே சொல்றேன் எழுதிக்கோ" என்று சென்னையில் ஒரு கண் ஆஸ்பத்திரியின் பேரையும் வார்டு நம்பரையும் சொன்னார்.

அவள் எழுதிக்கொள்ளவில்லை. திரும்பத் திரும்ப வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். அப்படியே போனை வைத்தாள்.

சாயங்காலத்துக்குள் அவள் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டதாக டிரைவர் சொன்னார். கணவருக்கு ஒரு கண் போய்விட்டது. இன்னொன்று தப்பியது. நாலு நாளும் இரண்டு கண்ணிலும் கட்டுப்போட்டுப் படுத்துக்கொண்டு, ஊரில் யாருக்குமே தன்மேல் அக்கறை இல்லை என்று அந்த மனிதர் நினைத்திருக்கிறார்.

கொச்சிக்காரர்கள் சரக்கு எடுக்கமாட்டோம் என்று போய்விட்டார்கள். பிளான்ட்டைச் சரிசெய்யும்வரை இறால் உரிக்கிற பெண்களுக்கு ஐந்து வாரம் வேலை இல்லை. அதில் பாதிப்பேர் எங்கள் ஊர். அவர்கள் எங்கள் வாசல் வழியாகப் போகும்போதெல்லாம் நான் உள்ளே போய்விடுவேன்.

மெக்கானிக்கை வரவழைத்தார்கள். அவர் என் மேசையில் உட்கார்ந்து எண்களைத் தட்டினார். சின்னத் திரையில் வந்ததைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "கரண்டு போயிட்டுப் போயிட்டு வந்தா இப்படித்தான் சார், செட்டிங் மாறிடும்" என்றார். மேனேஜர் நம்பவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. மறுநாள் என் நாற்காலியில் வேறு பெண் உட்கார்ந்திருந்தாள். என்னை ஷெட்டில் பெட்டி எண்ணும் வேலைக்கு மாற்றினார்கள். ஒரு மாதம் பார்த்துவிட்டு நின்றுவிட்டேன்.

அதற்குப் பிறகு ஒருநாள் பழவேற்காடு பஸ் ஸ்டாண்டில் கண்டக்டரிடம், "இந்த வண்டி எப்போது புறப்படும்?" என்று கேட்டேன். இன்னமும் அந்தப் பேச்சு என் வாயை விட்டுப் போகவில்லை. முன் சீட்டில் இருந்த பெண் சட்டெனத் திரும்பினாள். மடியில் குழந்தை.

"அந்த டெலிபோன் பொண்ணு நீதான?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். "ஆமாக்கா" என்றேன்.

"மக்கள் தொடர்புனு போடுவியே, அதுல யாருமே எடுக்கலியே. அங்க ஆளே இல்லியா?"

"இல்லக்கா. காலி ரூம்பு."

"ஒனக்குத் தெரியுமா அது?"

"மொதல் நாள்லேர்ந்தே தெரியும்."

அவள் என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை. குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டே வெளியே பார்த்தாள். வெள்ளிக்கிழமை லைனைத் திருப்பியது நான்தான் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன். சொன்னால் அவள் நன்றி சொல்லிவிடுவாள் என்ற பயம்.

வண்டி கிளம்பும் நேரத்தில் கேட்டாள். "கம்பெனிக்காரன் இன்னா சொல்றான் தெரியுமா? அன்னிக்கே வூட்டுக்குத் தகவல் குடுத்துட்டோம், பொண்டாட்டிதான் வந்து பாக்கலனு லேபர் ஆபீஸ்ல எழுதிக் குடுத்துகீறான். இப்ப சொன்னியே, அத அங்க வந்து சொல்லுவியா?"

வீட்டில் சொன்னபோது நைனாவுக்குக் கோபம் வந்தது. என் அக்கா இன்னும் அந்தக் கம்பெனியில்தான் இறால் உரிக்கிறாள். "அவளயும் தொரத்திடுவாங்க. நீதான் பூட்ட, அவ வாயிலயும் மண்ணப் போடுவியா?" என்றார். இரண்டு நாள் போனைத் திறந்து, பஸ்ஸில் அவள் கொடுத்த நம்பரைப் பார்ப்பதும் மூடுவதுமாக இருந்தேன். மூன்றாம் நாள் நானே கூப்பிட்டு, எங்கே வரவேண்டும் என்று கேட்டேன்.

லேபர் ஆபீஸ் அதிகாரி நான் சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டார். "காலி அறைனு தெரிஞ்சும் கனெக்‌ஷன் குடுத்தீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதையும் எழுதினார். கீழே கையெழுத்துப் போட்டேன். அவள் கணவர் பெஞ்சில் உட்கார்ந்து நல்ல கண்ணால் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

விசாரணை இன்னும் முடியவில்லை. அக்காவை வாரத்தில் மூன்று நாள் மட்டும் கூப்பிடுகிறார்கள். நைனா என்னிடம் தேவைக்கு மட்டும் பேசுகிறார். அடுத்த தேதிக்கு வரவேண்டும் என்று நேற்று அந்தப் பெண் கூப்பிட்டுச் சொன்னாள். படகு பத்து மணிக்குத்தான் வரும், கொஞ்சம் காத்திருக்கிறாயா என்று கேட்டாள். இருக்கிறேன் என்றேன்.