தொலைபேசிப் பெட்டியில் எழுந்தருளிய அம்மன்

அத்தையின் பதினாறாம் நாள் காரியம் சென்ற வாரம் முடிந்தது. வந்தவர்கள் அனைவரும் தாழ்ந்த குரலில் பேசினார்கள். எனக்கோ, அவர் ஊரையே சிரிக்கவைத்த ஒரு மாசி மாதப் பிற்பகல்தான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது.

வடகரப்பதிப் பக்கத்தில் எங்கள் ஊர்த் தபாலாபீஸ் வாசலில், தேக்குச் சட்டமும் மூன்று பக்கம் கண்ணாடியுமாக ஒரு பொதுத் தொலைபேசிப் பெட்டி நின்றது. தபாலாபீஸ் புதுக் கட்டடத்துக்கு மாறியபோது கருவி மட்டும் உடன் சென்றது. பெட்டி ஏலத்துக்கு வந்தது. அதை எடுத்தவர் என் தாய்மாமா. தேவிகுளத்தில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் மூன்றாண்டு வேலை பார்த்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார். வந்த கையோடு என் அப்பாவின் தங்கையான அத்தையைப் பெண் கேட்டிருந்தார். அப்பாரு, அதாவது அப்பாவின் தந்தை, முடிவு சொல்லாமல் இழுத்துக்கொண்டிருந்த வேளையில் பெட்டி வந்து சேர்ந்தது.

"போனில்லாத போன்பொட்டிய ஏலத்துல எடுத்தவனுக்கு எப்புடி அம்மிணி பொண்ணைக் குடுக்கறது?" என்று என் அம்மாவிடமே கேட்டார்.

அதற்குப் பதில் சொன்னவர் மாமா. வாளையார்க் கணவாய்க் காற்று மாரியம்மன் ஊர்வலத்தை ஒருபோதும் மதித்ததில்லை. ஆண்டுதோறும் சப்பரத்து விளக்கு அணையும். அடுத்த மாசி வரை ஊரில் நேரும் தீமைகள் யாவும் அதன் தலையில் சுமத்தப்படும். அம்மனைப் பெட்டிக்குள் வைத்தால் விளக்கு அணையாது என்றார் மாமா. ஊர் ஒப்பியது. அப்பாரு ஒரு நிபந்தனையோடு ஒப்பினார்: கோயிலுக்குத் திரும்பும் வரை விளக்கு எரிந்தால் கல்யாணப் பேச்சு, அணைந்தால் அதோடு சரி.

பெட்டியை மாட்டுவண்டியில் நிறுத்திக் கட்டினார்கள். உள்ளே அம்மன், விளக்கு, பூசாரி. கதவைச் சாத்தினார்கள். பாதி ஊர் சுற்றும் வரை சுடர் அசையவில்லை. மாமா அதையே பார்த்தபடி வண்டிக்கு முன்னால் பின்னோக்கி நடந்து, மேளக்காரரின் காலை இருமுறை மிதித்தார். பிறகு கற்பூரப் புகை கண்ணாடியை மறைத்தது. உள்ளிருந்து பூசாரி தட்டினார். அருள் வந்துவிட்டதாகக் கருதிய மேளக்காரர்கள் அடியை விரைவுபடுத்தினார்கள். அவர் பலமாகத் தட்டத் தட்ட, இவர்கள் பலமாக அடித்தார்கள். பெண்கள் கைகூப்பினார்கள். அப்பாரு துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, மழை எப்போது என்று வாக்குக் கேட்டார். மேளம் ஓய்ந்தது, வாக்கு வந்தது.

"மழை கெடக்குது, கதவத் தொறங்கப்பா. மூச்சு முட்டுது."

மாமா பிடியை இழுத்தார். நாலு பேர் சேர்ந்து இழுத்தும் கதவு வரவில்லை. யாரோ கண்ணாடியை உடைக்கக் கல்லெடுத்தார். அதற்குள் அத்தை வண்டியில் ஏறியிருந்தார்.

"அப்புடி இழுத்தா வராதுங்க. நவுருங்க."

பிடியை மேலே தூக்கினார். கதவின் கீழ் மூலையில் குதிகாலால் ஓர் உதை. கதவு திறந்தது. பூசாரி மாமாவின் மேல் சாய்ந்தார். காற்று உள்ளே புகுந்து விளக்கை அணைத்தது.

ஊரே சிரித்தது; இருமலுக்கிடையே பூசாரியும் சிரித்தார். மாமா தோற்றுவிட்டார் என்று எனக்கு மட்டும் அழுகை வந்தது. அப்பாரு சிரிக்கவில்லை. வண்டியிலிருந்து தலைகுனிந்து இறங்கும் மகளைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், நெடுநேரம் மாமாவைப் பார்த்தார். பிறகு அம்மாவிடம் திரும்பினார்.

"உன்ற தம்பிய நாளைக்கு வெத்தலை பாக்கோட ஊட்டுக்கு வரச் சொல்லு."

"வௌக்கு அணைஞ்சு போச்சுங்களே" என்று அம்மா தயங்கினார்.

"நாம் பாக்க வேண்டியதப் பாத்துட்டேன். வரச் சொல்லு அம்மிணி."

கீல் மாற்றப்பட்ட அந்தப் பெட்டி பின்னர் பல மாசிகளுக்கு அம்மனைச் சுமந்தது. நிபந்தனை தவறியும் அப்பாரு ஏன் இசைந்தார் என்று நான் யாரையும் கேட்கவில்லை. ஆண்கள் நால்வரால் முடியாததை ஒரே உதையில் முடித்த அத்தையைப் பற்றிப் பள்ளியில் பல நாள் பெருமை பேசித் திரிந்தேன். மாமா தேவிகுளத்தில் இருந்த மூன்றாண்டுகளும் சனிக்கிழமைதோறும் அஞ்சலட்டை வாங்கவென்று தபாலாபீசுக்குப் போய்வந்த அத்தை, யாருக்கும் ஒரு வரி எழுதி நான் பார்த்ததேயில்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.